கொடைக்கானல் சூரியப் படக் காப்பகம்

கொடைக்கானல் சூரியப் படக் காப்பகம், பழனி மலைத்தொடரில் நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றி ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்துள்ள தொகுப்பு. வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடும் பெருமாள்மலையைக் கடந்து மேலே ஏறினால், 2,343 மீட்டர் உயரத்தில் அதன் தாய்வீடான வானாய்வகம் இருக்கிறது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்புண்டா என்று அறியும் வேட்கை வலுத்தது. அதன் பயனாகச் சென்னை வானாய்வகத்தின் பணி 1899இல் இங்கே மாறியது. மிச்சி ஸ்மித் முதல் இயக்குநரானார். மழைக் கேள்விக்கு எளிய விடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகத் தொடங்கிய அன்றாடப் பதிவு நிற்கவில்லை. 1971 முதல் இந்த வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

ஆய்வுக்கான கணினி வசதி என்றால் எந்திரத்தின் வேகத்தையும் இணைப்பின் அகலத்தையும் எண்ணுவதே வழக்கம். இரண்டும் தேவைதான், இந்தியக் கல்வி நிறுவனங்களை இணைக்க 1986இல் எர்நெட்டும் 2010இல் தேசிய அறிவு வலைப்பின்னலும் வந்ததால் பல கதவுகள் திறந்தன. என்றாலும் அவை எடுத்துச் செல்லும் சரக்கு முன்பே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். கொடைக்கானலில் 1904 முதல் வெண்ணொளியிலும் கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் சூரியன் கண்ணாடித் தட்டுகளில் படமாகிவந்தது. வெண்ணொளித் தட்டில் சூரியவட்டம் ஏறக்குறைய 20 செ.மீ. அகலம், பெரிய தோசைக்கல் அளவுகூட இல்லை. இத்தகைய தட்டுகளோடு, கட்டம் போட்ட தாளில் கரும்புள்ளிகளையும் பிழம்புகளையும் வேறுவேறு நிறங்களில் கையால் வரைந்த அன்றாட வரைபடங்களும் உண்டு. பின்னாளில் இந்தத் தட்டுகள் 4096 × 4096 புள்ளிகள் கொண்ட கேமராவால், புள்ளி ஒன்றுக்கு 16 பிட் வீதம், படியெடுக்கப்பட்டன. ஒரு படம் ஏறத்தாழ 3.35 கோடி பைட். சூரியனைப் பார்க்க 2010இல் நாசா ஏவிய எஸ்டிஓ விண்கலத்தின் கேமராக்களும் இதே 4096 × 4096 அளவுதான்.

அப்படியானால் பழங்கண்ணாடி எதற்கு, விண்கலம் மேகமே இல்லாமல் பார்க்கிறதே என்று கேட்கலாம். எஸ்டிஓ நாளொன்றுக்குச் சுமார் 1.5 டெராபைட் அனுப்புகிறது. 2023இல் கிளம்பிய நம் ஆதித்யா-எல்1 விண்கலமும் இருக்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் கரும்புள்ளிகள் பெருகித் தேயும் சுற்று ஒன்றுக்குச் சுமார் 11 ஆண்டு. 1995இல் ஏவிய சோஹோ என்னும் சூரிய விண்கலம் கண்டது மூன்று சுற்றுகளைக்கூட முழுதாக எட்டவில்லை. கொடைக்கானல் தட்டுகளில் பத்துச் சுற்றுகள் இருக்கின்றன. கரும்புள்ளிகள் நடுக்கோட்டை நோக்கி நகர்வதைக் காட்டும் வண்ணத்துப்பூச்சிப் படத்தை இத்தனை சுற்றுகளுக்கு ஒரே இடத்துப் பதிவிலிருந்து வரைய முடிகிறது. இழந்துபோன ஆண்டுகளை எந்த விண்கலமும் திரும்பிப் போய்ப் பார்க்காது.

இதைவிடக் கனமான மறுப்பு, தட்டுகளின் தரம் சீராக இல்லை என்பது. உண்மைதான். மேகம், கீறல், மங்கிய பூச்சு எல்லாம் உண்டு. சில படங்களில் நேரமும் திசையும் பிழையாக ஏறியதால் வடக்கும் தெற்கும் குழம்பின. கணினியின் அருமை இங்கேதான் தெரிகிறது. சூரியன் தன்னைத் தானே சுற்றுவதால் புள்ளிகள் நாள்தோறும் ஒரே திசையில் நகர வேண்டும். அடுத்தடுத்த நாள் படங்களை ஒப்பிட்டால் தலைகீழான தட்டு பிடிபடும். தட்டு எடுத்த நாளையும் நேரத்தையும் சொல்லும் குறிப்பு அழிந்திருந்தால் இந்தத் திருத்தம் மிகவும் கடினமாகியிருக்கும். ஆகவே தட்டையும் அதன் குறிப்பையும் பத்திரப்படுத்தும் செலவு, கணினி வாங்கும் செலவுக்கு இணையாக வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

இதே மலையில் அட்டுவம்பட்டியில், 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல இணைப்பும் வழிகாட்டும் ஆசிரியரும் கிடைத்தால், அங்கே படிக்கும் மாணவி 1904ஆம் ஆண்டுச் சூரியனை இன்றே அளக்கலாம்.