கேள்விக்கு ஆகும் செலவு

கேள்வி கேட்டால் செலவு உண்டு என்பது தோட்டத்தில் பிழைத்த நமக்குப் புதிதல்ல. "பால் நிறுவை ஏன் குறைகிறது?" என்று கிராணியாரைக் கேட்டவருக்கு மறுநாள் எந்த நிரை கிடைக்கும் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அரசாங்கத்துக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு கேள்வி அனுப்பினால் அது அமைச்சிலிருந்து இலாகாவுக்கும், அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்கும் போகிறது. குமாஸ்தாக்கள் பழைய கோப்புகளைப் புரட்டுகிறார்கள். எல்லாம் மக்கள் வரிப்பணம். நமது நாடாளுமன்றத்துக்கு முன்மாதிரியான லண்டனில் இதற்கு ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள். எழுத்து மூலமான விடைக்கு 850 பவுனுக்கு மேல் செலவாகும் என்றால் அமைச்சர் மறுத்துவிடலாம். வாய்மொழிக் கேள்விக்கு அந்த வரம்பு இல்லை.

செலவு வீண்தானா? 1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்தவர்கள் பலர். எத்தனை தோட்டங்கள், எத்தனை குடும்பங்கள்? 1951 முதல் 1960 வரை நடந்ததை அறிய, மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அசிஸ் தலைமையில் ஓர் ஆய்வே வேண்டியிருந்தது. கணக்கு கைக்கு வருமுன் பல லயங்கள் காலியாகிவிட்டன. விடை மலிவல்லதான், அது தாமதித்ததற்கு விலை கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

கேட்பவர் கொடுக்கும் விலை வேறு. ஈப்போ வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம், மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர், 1957 இடைத்தேர்தலில் வென்று சபைக்குப் போனவர். 1964இல் கல்வியமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது ஊழல் புகாரைச் சபையில் எழுப்பினார். சபைக்குள் பேசியதற்காக உறுப்பினர் மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது. அது அரசியலமைப்பின் 63ஆம் விதி தரும் காப்பு. "வெளியே வந்து சொல்லும்" என்று சவால் வந்தது. அவர் வெளியே வந்தும் சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். தோற்றிருந்தால் சீனிவாசகம் சொந்தப் பணத்தில் ஈடு கட்டியிருக்க வேண்டும். நமக்கு அந்தத் துணிச்சல் வருமா என்பது சந்தேகமே.

1965இல் வழக்குத் தள்ளுபடியானது. அமைச்சர் பதவி விலகினார்.

சீனிவாசகம் 1969 மார்ச் 15இல் காலமானார். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.