கோப்பிக் காலம் கற்பிக்கும் பாடம்

வளர்ச்சி என்பது நம் காலத்தின் மந்திரமாகிவிட்டது. உற்பத்தி ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போகுமாயின் ஏழையின் வாழ்வும் ஒருநாள் மலரும் என்கின்றனர். எல்லையறியாப் பெருக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது மலைநாட்டின் கோப்பிக் காலத்தைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவையாகக் கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தவர் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த நிலங்களுக்கு அவர்களிடம் உறுதி ஏது? அந்நிலங்கள் விலைபோயின. வாங்கியோருள் ஆங்கில அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர்.

காடு அழிந்த இடத்தில் கோப்பி எழுந்தது. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்த தமிழகத்து மக்கள், கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து காட்டுவழி நடந்து மலையேறினர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே மாண்டோர் பலர். 1840களின் பிற்பகுதியில் கோப்பியின் விலை சரிந்து அரசிறை வற்றியபோது, துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி விதிக்கப்பட்டது. இலாபத்தில் பங்கறியாத குடியானவன் நட்டத்தில் மாத்திரம் பங்காளியானான். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. விளைச்சல் குறைந்தது, விலையோ ஏறியது. ஆகவே துரைமார் நின்று சிந்திக்கவில்லை. திம்புளையிலும் டிக்கோயாவிலும் மேலும் மேலும் காடழித்து நட்டனர். 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பியமையே நோய் காற்றில் பரவ வாய்ப்பளித்தது என்பதை எடுத்துக்காட்டினார். காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கியும் வீழ்ந்தது.

பின்னர் தேயிலை வந்தது. பயிர் மாறியதேயன்றி முறை மாறவில்லை.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1942இல் அரிசிப் பங்கீடும் 1945இல் இலவசக் கல்வியும் வந்தபோது இலங்கை செல்வநாடன்று. 'முதலில் வளர்வோம், பிறகு பகிர்வோம்' என்று காத்திராமையினாலேயே எழுத்தறிவிலும் ஆயுளிலும் தன்னினும் செல்வமிக்க நாடுகள் பலவற்றை அது விஞ்சியது. ஆயின் அப்பகிர்வுக்கு வேண்டிய அந்நியச் செலாவணியைப் பெரிதும் ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளியின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. அவன் பிள்ளையின் பாடசாலையை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். ஒருவனைப் புறத்தே நிறுத்தி நடத்திய பந்தியை நாம் சமத்துவம் என்று எவ்வாறு சொல்வோம்?

கடனால் ஊதிய வளர்ச்சி 2022இல் வெடித்ததையும் கண்டோம். இனியேனும் எவ்வளவு விளைந்தது என்று மட்டும் கேட்டு அமையலாகாது. எவருடைய உழைப்பில் விளைந்தது, எவரைச் சென்றடைந்தது, நாளைய விதைப்புக்கு மண் எஞ்சுமா என்றும் நம் வகுப்பறைகளில் கேட்கப் பழகுவோம்.

அன்று உறுதியில்லை என்று கிராமத்தவனின் நிலத்தைப் பறித்தனர். அந்நிலத்தைப் பொன்விளையச் செய்தோரின் வழிவந்தவர் பலர், இன்றும் தாம் குடியிருக்கும் லயன் அறைக்கு உறுதியின்றி வாழ்கின்றனர். நீதியான பொருளாதாரத்தைப் பற்றிய பேச்சு அந்த உறுதியிலிருந்தே தொடங்கட்டும்.