ஆடும் உரிமையும் தலைமையேற்கும் உரிமையும்: சென்னை மாகாணக் கிரிக்கெட்டில் இன வேறுபாடு

முன்னுரை

ஒரு விளையாட்டில் அனைவருக்கும் ஆட இடம் கிடைத்துவிட்டால் அங்குச் சமத்துவம் நிலைபெற்றுவிட்டது எனக் கருதும் போக்கு உண்டு. ஆடுவோர் யார் என்பது ஒரு வினா. அணியைத் தெரிவு செய்வோர், தலைமையேற்போர், ஆட்டக்காரருக்கு வேலை வழங்குவோர் யார் என்பது மற்றொரு வினா. ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சென்னைக் கிரிக்கெட்டை முன்வைத்து இவ்விரண்டாம் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அன்றைய மாகாணத்துள் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கிற்கு இவ்வினா இன்றும் பொருந்துமாற்றை இறுதியில் சுட்டுகிறது.

சேப்பாக்கத்தில் இன எல்லை

1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கே உரியதாக விளங்கியது. சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர், மாளிகையினுள் இடமின்றி மரநிழலில் உணவுண்ண நேர்ந்தது எனச் சென்னைக் கிரிக்கெட் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். இந்நிலைக்கு மறுமொழியாகப் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே ஆடும் மாகாண ஆட்டத்திற்கும் அவரே வழிவகுத்தார். ஆயினும் 1908இல் முதல் ஆட்டம் நடைபெறுமுன் மறைந்தார். 1915-16 முதல் இவ்வாட்டம் பொங்கலையொட்டித் தொடர்ந்து நிகழ்ந்தது.

இன அடிப்படையில் அணிகள் பிரிந்திருந்தவரை இந்திய அணியை இந்தியரே நடத்தினர். இரு இனத்தாரும் ஓரணியாக இணைந்தபோதே தலைமை குறித்த வினா எழுந்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூரைச் சென்னை ஒரே நாளில் வென்றது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன், 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ.ஜி. ராம்சிங்; அணித்தலைவர் சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். ஜான்ஸ்டன் கேம்பிரிட்ஜ், கென்ட் அணிகளுக்கு ஆடியவர். தலைமைக்குத் தகுதியற்றவர் அல்லர். கோபாலனின் திறனைக் கண்டறிந்து அவருக்குப் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைக்கச் செய்தவரும் அவரே. எனினும், இந்திய ஆட்டக்காரரின் வாழ்வாதாரம் ஐரோப்பியர் ஒருவரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. நல்லெண்ணம் உரிமைக்கு ஈடாகாது.

இனத்தினுள் சாதி

ஐரோப்பியர் விலகினால் இவ்வேறுபாடு நீங்கிவிடும் என்பதற்கும் வரலாறு இடந்தரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பம்பாய் இந்துக்கள் அணி அவரது பந்துவீச்சை விரும்பியது. தலைமையை மட்டும் அவருக்கு வழங்கவில்லை. அவர்தம் சகோதரர்கள் அணியிலிருந்து விலகி எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே, 1920இல் அவர் துணைத்தலைவரானார். தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். அன்னியர் வகுத்த எல்லையை எதிர்த்தோரே தமக்குள் மற்றோர் எல்லையைப் பேணினர் என்பது இங்குப் புலனாகிறது.

பிறநாட்டுச் சான்றுகளும் இதனோடு ஒத்துள்ளன. அமெரிக்கப் பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் 1947இல் களமிறங்கினார். முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975இல்தான். மேற்கிந்தியத் தீவுகள் 1928இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியபோதிலும், ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பினத்தவரான ஃபிராங்க் வொரல் தலைவரானது 1960-61இல்தான். களத்திற்கும் தலைமைக்கும் இடைப்பட்ட தொலைவு முறையே 28 ஆண்டுகளும் 32 ஆண்டுகளும் ஆகும்.

முடிவுரை

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. அங்கு அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஆகிய ஊர்களின் சல்லிக்கட்டு புகழ்பெற்றது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், அதனை ஏற்ற 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் விளையாட்டு நடைபெறுவதற்கான உரிமையை உறுதிசெய்தன. காளையை அவிழ்ப்போர், அணைவோர் ஆகியோரின் பட்டியலோடு, விழாக்குழுவில் அமர்வோர், முதல் மரியாதை பெறுவோர் ஆகியோரின் பட்டியலையும் ஊர்தோறும் தொகுத்து ஒப்பிடுதல் வேண்டும். ஆட்டக்காரர் பெயர்களை மட்டும் கொண்டு சமத்துவத்தை அளத்தல் போதாது என்பதே சேப்பாக்க வரலாறு ஆய்வாளர்க்கு உணர்த்தும் முடிபாகும்.