சுடுகாட்டு மல்லியின் சரித்திரம்

பெரும்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில், காரை பெயர்ந்த மதிற்சுவரின் இடுக்கொன்றில், ஒருவரும் நட்டதாகவோ நீர் வார்த்ததாகவோ நினைவில்லாத செடி ஒன்று, சித்திரை வெயிலையும் ஐப்பசி வெள்ளத்தையும் ஒருங்கே பொறுத்துக்கொண்டு, வருஷம் முழுதும் ஐந்திதழ்ப் பூக்களைத் தாங்கி நிற்கிறது. இலையைக் கிள்ளினால் பால் கசியும். கசப்பறிந்த ஆடு அதன் பக்கம் திரும்புவதில்லை. பூஜைக்குப் பறிப்போர் நித்தியகல்யாணி என்பர். இடுகாட்டில் மண்டிக்கிடக்கக் கண்டோர் சுடுகாட்டு மல்லி என்பர்.

மடகாஸ்கர் தீவிற் பிறந்து உஷ்ணப் பிரதேசங்களெங்கும் பரவிய இச்செடியின் கஷாயம் நீரிழிவுக்கு நல்லதென்னும் நம்பிக்கை பல தேசத்தாரிடமும் உண்டு. 1952-ல் ஜமெய்க்காவிலிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய சிறு இலைப்பொட்டலம் கனடாவில் ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்துசேர, அவர் அதன் சாரத்தை எலிகளுக்கு வாய்வழியே புகட்டிப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசிவழியே செலுத்தியபோதோ, எலிகள் சில நாட்களில் தொற்றுநோய் கண்டு மடிந்தன. மற்றொருவராயின் விஷமென்று ஒதுக்கியிருப்பார். நோபிளோ இரத்தத்தைச் சோதித்து, வெள்ளணுக்கள் அருகிப்போனதைக் கண்டு, அவ்வணுக்களை அடக்கும் பொருள் இரத்தப்புற்றையும் அடக்குமன்றோ என்று யோசித்தார். ரசாயன அறிஞர் சார்லஸ் பீருடன் கூடி அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-ல் உலகறிந்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே அமைய வேண்டிய நூலிழைச் சட்டத்தைக் கட்டவிடாமற் செய்வதே அதன் தொழில். உடன்பிறப்பான வின்கிரிஸ்டினும் பின்னர் வந்து, குழந்தைகளின் இரத்தப்புற்றுச் சிகிச்சையில் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். ஆகவே திருநெல்வேலி, இராமநாதபுரச் சீமைகளின் வானம்பார்த்த பூமியில் இச்செடி பயிராயிற்று. இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும், வேர் ஜெர்மனிக்கும் கப்பலேறின.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் மூலிகை ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. தாம்பரம் சானடோரியம், 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்காக நிறுவிய ஆரோக்கிய ஸ்தலம். அதனருகே 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எழுந்தது. இப்போது சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் மூலிகைச் சாறு ஒவ்வொன்றும் ஆக்சிஜனேற்றத் தடுப்பி எனப் பரீட்சிக்கப்படுகிறது: ஊதாநிறக் கரைசலில் சாற்றை விட்டால், ஊதா வெளிறி மஞ்சளாகும், ஆய்வேடு நிறைவுறும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் தேநீர்ச் சாறும் அப்படியே நிறம் மாற்றும், அதனால் தேநீர் புற்றுக்கு மருந்தாகிவிடாது.

எங்கள் தெருவில் இன்றும் விடியற்காலையில் சிலர், சர்க்கரைக்கென்று ஏழெட்டுப் பூக்களைப் பறித்து வெந்நீரிலிட்டுக் குடிக்கிறார்கள். கனடாவின் எலிகளைப் பற்றி அவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், "எலிக்கு ஏதுங்க சர்க்கரை வியாதி?" என்று சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினார்கள்.