ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மீடியல்', 'டிஸ்டல்', 'இன்ஃபீரியர்' என்றால் என்ன? எளிதாக புரிந்துகொள்வது எப்படி?

பைக்கில் இருந்து விழுந்து கையில் அடி. எக்ஸ்ரே எடுத்தால் ரிப்போர்ட்டில் 'டிஸ்டல் ரேடியஸ் ஃப்ராக்சர்' என்று இருக்கிறது. முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ எடுத்தால் 'மீடியல் மெனிஸ்கஸ் டியர்'. படித்தவுடனே பலருக்கும் தலை சுற்றும். ஆனால் இவை நோயின் பெயர்கள் இல்லை. பெரும்பாலும் 'எங்கே' என்று சொல்லும் முகவரிகள்தான். பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் போதும், ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு 'போஸ்'

ஒருவர் நிற்கலாம், படுக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். அப்போது 'மேலே', 'கீழே' என்றால் எது? இந்தக் குழப்பம் வராமல் இருக்க, உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒரே நிலையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நேராக நின்று, முகம் முன்னோக்கி, கைகள் உடலின் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் தெரிய வேண்டும். இதுதான் உடற்கூறியல் நிலை. நோயாளி கட்டிலில் படுத்திருந்தாலும், அவர் இப்படி நிற்பதாக நினைத்துத்தான் ரிப்போர்ட் எழுதப்படும்.

உள்ளங்கை ஏன் முன்னோக்கி? கையைத் திருப்பினால் கட்டைவிரல் உடல் பக்கமும் வரும், வெளிப்பக்கமும் போகும். உள்ளங்கை முன்னால் இருந்தால் கட்டைவிரல் எப்போதும் வெளிப்பக்கம், சுண்டுவிரல் உள்பக்கம். பிரச்னை முடிந்தது.

இடது, வலது யாருடையது?

நோயாளியுடையது. பார்ப்பவருடையது அல்ல. மார்பு எக்ஸ்ரேவை கையில் வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய இதயம் நமக்கு வலப்பக்கம் தெரியும். படம் மாறிவிட்டதோ என்று பதற வேண்டாம். எதிரே நின்று நம்மைப் பார்க்கும் மனிதராக அந்தப் படத்தை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

பக்கவாதத்தில் இன்னொரு குழப்பம் வரும். வலது கை, கால் செயலிழந்திருக்கும். ரிப்போர்ட்டிலோ மூளையின் இடப்பக்கம் அடைப்பு என்று இருக்கும். அதுவும் தவறில்லை. மூளையில் இருந்து கை, கால்களை அசைக்க வரும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை வழியில் எதிர்ப்பக்கம் மாறிச் செல்கின்றன. 'பைலேட்டரல்' என்று இருந்தால் இரண்டு பக்கமும் என்று பொருள்.

இடம் சொல்லும் சொற்கள்

ஆன்டீரியர் – முன்பக்கம். போஸ்டீரியர் – பின்பக்கம்.

சுப்பீரியர் – மேல்பக்கம். இன்ஃபீரியர் – கீழ்ப்பக்கம். 'இன்ஃபீரியர் வால்' மாரடைப்பு என்றால் மட்டமான, சாதாரண மாரடைப்பு என்று அர்த்தம் இல்லை. இதயத்தின் கீழ்ச்சுவர் பாதிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் அவசர சிகிச்சை தேவைப்படும் மாரடைப்புதான்.

மீடியல் – உடலின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம். லேட்டரல் – அதிலிருந்து விலகிய வெளிப்பக்கம். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று தொடும் பக்கம் மீடியல். 'மீடியல் மெனிஸ்கஸ் டியர்' என்பது அந்த உள்பக்கக் குருத்தெலும்பில் ஏற்பட்ட கிழிசல்.

ப்ராக்ஸிமல் – கை, கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கம். டிஸ்டல் – அங்கிருந்து தள்ளி. ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு. 'டிஸ்டல் ரேடியஸ்' என்றால் அந்த எலும்பின் மணிக்கட்டு முனை. கீழே விழும்போது கையை ஊன்றுகிறோம் இல்லையா, அப்போது அடிக்கடி உடைவது இந்த இடம்தான்.

மல்லாந்தா? குப்புறவா?

சூப்பைன் என்றால் மல்லாந்து படுப்பது. ப்ரோன் என்றால் குப்புறப் படுப்பது. இந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது, வீட்டில் இருந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுக்கச் சொல்லி மத்திய சுகாதாரத்துறை வழிகாட்டியது. 'ப்ரோனிங்' என்பது அதுதான்.

கைக்கும் இதே கணக்கு. கோயிலில் தீர்த்தம் வாங்க உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புகிறோமே, அது சூப்பினேஷன். வாங்கிய பிறகு கையைக் கவிழ்ப்பது ப்ரோனேஷன்.

பிசியோதெரபியில் வரும் சொற்கள்

ஃப்ளெக்ஷன் – மடக்குவது. எக்ஸ்டென்ஷன் – நீட்டுவது.

அப்டக்ஷன் – கை, காலை பக்கவாட்டில் உடலை விட்டு விலக்குவது. அடக்ஷன் – திரும்ப உடலை நோக்கிக் கொண்டுவருவது. காதில் கேட்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வேலை நேர் எதிர். போனில் உடற்பயிற்சி கேட்டு எழுதுபவர்கள், விலக்கணுமா சேர்க்கணுமா என்று தமிழிலேயே இன்னொரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு கறார்?

ஒரு சொல் மாறினால் கத்தி வேறு இடத்தில் படும். பக்கம் மாறி நடக்கும் அறுவை சிகிச்சை மருத்துவ உலகின் பழைய அச்சம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி யார், என்ன சிகிச்சை, உடலில் எந்த இடம் என்பதைத் தோலைக் கீறுவதற்கு முன் குழு முழுவதும் வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

நோயாளி என்ன செய்யலாம்?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், வயது, எந்தப் பக்கம். வலி இருப்பது வலது முழங்காலில், ரிப்போர்ட்டில் இடது என்று இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் எந்தப் பக்கம் என்று பலமுறை கேட்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லுங்கள். தோலில் பேனாவால் போட்ட குறியை அழித்துவிடாதீர்கள்.

இந்தச் சொற்கள் இடத்தை மட்டுமே சொல்லும். பாதிப்பு எவ்வளவு, என்ன சிகிச்சை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.