மடியில் கிடத்திய கிட்டார்

கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் வண்டியின் அதிர்வு சுவரில் மாட்டிய சுவாமி படங்களைச் சற்றே ஆட்டிவிட்டுப் போகும் தூரத்தில், சாலாக் செலாத்தான் ரயில் நிலையத்தின் பக்கமாக நாங்கள் குடியிருந்த நாட்களில், இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற அவர், சாயங்கால வேளைகளில் வீட்டு முகப்பின் ஐந்தடி நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம்முடைய கிட்டாரை மற்றவர்களைப் போல மார்போடு சாய்த்துக்கொள்ளாமல், தலை நிற்காத பிள்ளையைக் கிடத்துவது போல மடியில் மல்லாக்கக் கிடத்தி வாசிப்பார். இடது கையில் விரல்நீளமுள்ள எஃகுத் துண்டு ஒன்று. வலது கையின் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உலோக நகங்கள். அந்த எஃகு தந்தியின்மேல் வழுக்கிக்கொண்டு போகையில் எழும் நாதம், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போகாமல், நெய் வழிவதைப் போல இடைவெளியே இல்லாமல் போய்ச் சேரும். யுத்தத்துக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் ஒரு யூரேசியரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். “தம்பி, இதுல கட்டமே இல்லைன்னு வச்சுக்க. கம்பி மேல எங்க நிக்கணும்னு காதுதான் சொல்லணும்” என்பார்.

ஹவாய் கிட்டார் எனப்படும் அந்த வாத்தியத்தின் பூர்வ கதையை நான் படித்தறிந்தது அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகுதான். ஓவாஹு தீவில் லாயியே என்னும் கடலோரச் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டில் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்பவர், பள்ளிக்கூடப் பையனாக இருக்கையில் ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோகும்போது கீழே கிடந்த இரும்பாணி ஒன்றைக் கையிலெடுத்து, அதைக் கிட்டார்த் தந்தியின்மேல் ஓட்டிப் பார்த்ததிலிருந்து இந்த வாசிப்பு முறை பிறந்ததென்று அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பிற்பாடு பள்ளிப் பட்டறையிலேயே அதற்கென்று வழவழப்பான எஃகுக் கட்டை ஒன்றை அவர் செய்துகொண்டாராம். இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் பெரியவருடைய எஃகுத் துண்டுதான்; அதுவும் செந்தூல் பட்டறையில், மத்தியான ஓய்வு நேரத்தில், அவரே கடைந்து மெருகிட்டு எடுத்துவந்த துண்டுதானே! கெக்குக்கு 1904-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்; ஊர் ஊராக வாசித்தார், கற்பித்தார்; 1932-இல் நியூ ஜெர்சியில் மரணமடையும் வரையில் சொந்தத் தீவுக்குத் திரும்பவே இல்லை.

வேறொரு செய்தியும் உண்டு. 1880-களில் ஹவாய்க்கு வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இந்தியப் பையன், கப்பல் தலைவன் ஒருவனால் கடத்திக்கொண்டு வரப்பட்டவன், கெக்குக்குவுக்கு முன்னமே தந்தியின்மேல் ஒரு பொருளை வழுக்கி வாசித்ததாக ஹொனலூலுவின் பழைய இசைவாணர்கள் சிலர் கூறியிருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உறுதியோ, அந்தப் பையன் எந்த மாகாணத்துப் பிள்ளையோ, அதைக்கொண்டு பெருமை தேடிக்கொள்வது முறையன்று. ஆயினும், மெட்டில்லாத தண்டியின்மேல் கருங்காலிக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு அச்செய்தி ஒரு கணம் மெய்சிலிர்க்க வைக்கும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. திருவிடைமருதூர் சகாராம ராவும், மைசூர் சமஸ்தானத்து நாராயண ஐயங்காரும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் வளர்த்த அந்த வாத்தியத்துக்கும் ஹவாய் கிட்டாருக்கும் குலமுறையில் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்வரத்தைத் தனியே நிறுத்தாமல் கமகத்தோடு அசைத்தே கேட்டுப் பழகிய நம்முடைய செவியில் அதற்கு ஓர் ஆசனம் முன்னமே போடப்பட்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் லயன் வீடுகளில் சங்கீத ஞானமே இல்லாத பாட்டிகள்கூட, அந்தப் பெரியவர் வாசிக்கத் தொடங்கியதும் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த நாதத்தை உலகெங்கும் சுமந்து சென்றவர்களில் என் மனத்தை முழுவதும் கவர்ந்தவர் தாவ் மோயே. 1908-இல் சமோவாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் லாயியேக்கு வந்து, கெக்குக்குவின் ஊரிலேயே வளர்ந்தவர். அது கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஊர் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்; ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அந்த ஊரின் விடியற்காலையைக் கற்பனை செய்து கொள்வது கடினமன்று. மேடம் ரிவியேர் என்ற பிரெஞ்சு மாது நடத்திய ஹவாய்க் குழுவில், தம் உறவினர்களுடனும், பின்னாளில் தம் மனைவியான ரோஸ் என்னும் பாடகியுடனும் சேர்ந்து, 1928-இல் அவர் கீழை நாடுகளை நோக்கிப் புறப்பட்டார். 1929-இல் டோக்கியோவில் அவர்களுடைய பாட்டுகள் இசைத்தட்டுகளில் பதிவாயின. சில வருஷங்களில் குழு கலைந்தது. தாவ், ரோஸ் தம்பதிகள் மட்டும் நாடு நாடாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். வழியில் பிறந்த பிள்ளைகள் லானியும் டோரியனும் நடக்கக் கற்ற கையோடு பாடவும் ஆடவும் கற்று, பெற்றோருடன் மேடையேறினார்கள்.

1941 முதல் 1947 வரையில் அவர்கள் கல்கத்தாவில் தங்கினார்கள். அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை! இங்கே மலாயாவில் ஜப்பானியன் ஆட்சி. நம் ஜனங்களை ஆயிரமாயிரமாக வண்டியேற்றிச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோன காலம். போனவர்களில் திரும்பாதவர்களின் பெயர் சொல்லி இன்றைக்கும் கண் கலங்கும் குடும்பங்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. அங்கே வங்காளத்தில் 1943-இன் கொடும் பஞ்சம். அப்படிப்பட்ட நகரத்தில் உட்கார்ந்து தாவ் மோயே வாசித்தார். கேட்டவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். கல்கத்தாவாசியான கார்னி நிஸ் என்பவர் 1938-லேயே ‘அலோஹா பாய்ஸ்’ என்ற குழுவை அமைத்து, வானொலியில் ஹவாய் இசையை வாசித்துக்கொண்டிருந்தவர். தாவிடம் பாடம் கேட்டு, தம் ஆயுள் முழுவதும் அந்தக் குருவை வாயாரப் புகழ்ந்தவர். தொழிலின் சூட்சுமத்தைப் பிள்ளைக்கும் சொல்லாமல் மூடி வைக்கிற வித்வான்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்நிய ஊரில், யுத்த காலத்தில், பிழைப்பே அந்த வாசிப்பாக இருக்கையில், வந்தவர்க்கெல்லாம் வித்தையைத் திறந்து கொடுத்த மனிதரிடம் எனக்கு ஏற்படும் பக்தி சாமான்யமானதன்று.

கல்கத்தாவில் ஊன்றிய அந்த வித்து பல கிளைகளாகப் படர்ந்தது. ரவீந்திரநாத தாகூரின் கீதங்களை ஹவாய் கிட்டாரில் வாசிப்பது வங்காளத்தில் வீட்டுக்கு வீடு பழக்கமாயிற்று. பம்பாய்ப் படவுலகில் வான் ஷிப்லியும், இசைத்தட்டு உலகில் சுனில் கங்கூலியும் சினிமாப் பாட்டுகளை மின்சார ஹவாய் கிட்டாரில் வாசித்துத் தேசமெங்கும் கேட்கச் செய்தார்கள். எங்கள் பெரியவரிடம் அவ்விருவர் இசைத்தட்டுகளும் இருந்தன; வெள்ளைத் துணியில் சுற்றி, சாமான் பெட்டியில் வேட்டிகளுக்கு இடையே வைத்திருப்பார். ராஜஸ்தானத்தின் பிரிஜ் பூஷண் காப்ரா அதே வாத்தியத்தில் இந்துஸ்தானி ராகங்களை ஆலாபனை செய்து காட்டினார். சிவகுமார் சர்மாவின் சந்தூரோடும் ஹரிப்ரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலோடும் அவர் சேர்ந்து வாசித்த 1967-ஆம் வருஷத்து இசைத்தட்டு இன்றைக்கும் விலைபோகிறது. விஸ்வமோகன் பட் அதில் இன்னும் பல தந்திகளைக் கூட்டி மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-இல் கிராமி பரிசும் பெற்றார்.

வாசிப்பின் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. பெரியவர் ஒரு நாள் என் கையில் எஃகைக் கொடுத்து வாசித்துப் பார் என்றார். தந்தியை அழுத்தினேன், கரகரவென்று இரைந்தது. அழுத்தக்கூடாது, அதன் கனமே போதும் என்றார். எஃகின் நுனி இம்மி சாய்ந்தால் ஒரு தந்தி சுருதியில் நிற்க, அடுத்தது விலகிவிடும். எஃகுக்குப் பின்னால் மீதி விரல்கள் தந்தியை மெல்லத் தொட்டபடியே கூடவே போக வேண்டும்; இல்லையென்றால் வேண்டாத ஒலிகளெல்லாம் உடன் கிளம்பும். ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் செத்துப்போகாமல் இருக்க மணிக்கட்டை அசைக்க வேண்டும். அந்த அசைவு அதிகமானால் ஒப்பாரி, குறைந்தால் வெறும் கம்பி. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியின்மேல் ஒரு கணம் வைத்து எடுத்தபடி மீட்டினால், கோயில் மணியின் கடைசி ஓசை போன்ற ஒரு மெல்லொலி கேட்கும். அதை மட்டும் நான் எவ்வளவு முயன்றும் என்னால் எழுப்ப முடியவில்லை. “வரும், வரும். அவசரப்படாதே” என்றார். எனக்கு வரவே இல்லை.

தாவ் மோயே குடும்பத்தார் 1947-க்குப் பின் ஐரோப்பாவையும் மற்றத் தேசங்களையும் சுற்றினார்கள். அரை நூற்றாண்டுத் தேசாந்தரத்துக்குப் பிறகு, தாவும் ரோஸும் முதுமையில் லாயியேக்கே திரும்பிவந்து குடியமர்ந்தார்கள். பாப் பிராஸ்மன் என்ற அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர், 1929-ஆம் வருஷத்து டோக்கியோ இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்துப் போற்றி வைத்திருந்தவர். அவற்றில் வாசித்தவர்கள் உயிரோடிருப்பார்களென்று அவர் எண்ணியதே இல்லை. அப்படியிருக்க, அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு ஹவாயிலிருந்து ஒரு தபால் வந்தது. அடியில் தாவ் மோயே என்று கையெழுத்து. பிராஸ்மன் அவர்களைத் தேடிப் போனார். அறுபது வருஷங்களுக்கு முன்பு பாடிய அதே பாட்டுகளை, எண்பதை எட்டிய தம்பதிகளும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். அது 1989-இல் வெளியாயிற்று. ரோஸ் 1998-இலும், தாவ் 2004-இலும் காலமானார்கள்.

அந்தப் பதிவை நான் முதன்முதல் கேட்டது சாலாக் செலாத்தானிலேதான், ஒரு மழைநாள் சாயங்காலத்தில். கிழவியாகிவிட்ட ரோஸின் குரல் உச்சஸ்தாயியைத் தொடும் இடத்தில் சற்றே நடுங்குகிறது. உடனே தாவின் எஃகு, தானும் அதே அளவு நடுங்கி, அந்தக் குரலுக்குக் கீழே போய் நின்றுகொள்கிறது. கடைசியில், உள்ளங்கை ஓரத்தால் எழுப்பும் அந்த மணியோசை. நிலையத்துக்குள் வண்டி வந்து நின்று புறப்பட்டுப் போகும் வரையில் நான் எழுந்திருக்கவில்லை; பிறகு பாட்டை மறுபடி ஆரம்பத்திலிருந்து வைத்தேன்.