மோட்டார் எஞ்சின் கலைச்சொற்கள்

பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் உறுப்புகளையும் இயக்கத்தையும் குறிக்கத் தமிழில் ஆக்கப்பட்ட சொற்கள் மோட்டார் எஞ்சின் கலைச்சொற்கள் எனப்படும். பெரும்பாலும் இவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. இவற்றின் வரலாற்றில் திருநெல்வேலிக்குத் தனி இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் சொல்லாக்க முயற்சியை நடத்திய சங்கங்களில் முக்கியமான ஒன்று இங்கிருந்து இயங்கியது. தென்மாவட்டங்களில் மோட்டார்த் தொழிலுக்கு அடித்தளமிட்ட டி. வி. சுந்தரம் அய்யங்காரும் (பிறப்பு 1877) நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடிக்காரர். ஆனால் சங்கம் ஒரு பக்கமும் பட்டறை மறுபக்கமுமாகத் தங்கள் வழியில் போயின. சொற்களின் பிற்காலக் கதி பெரிதும் அதன் விளைவே.

வரலாறு

தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க 1916இல் சேலத்தில் ஒரு சங்கம் தோன்றியது. ராஜாஜி அதில் முன்னின்றார். நெல்லையில் 1934இல் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இந்தப் பணியைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது. அதன் செயலாளர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. 1936இல் சென்னையில் சுவாமி விபுலாநந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதி வெளிவந்தது. வடமொழி வேர்களைத் தவிர்த்து, கூடியவரை தமிழ் வேரிலிருந்தே சொல் காண்பது அவர்கள் கொள்கை. 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

இந்த விவாதமெல்லாம் பள்ளிப் பாடநூலை மனத்தில் வைத்து நடந்தது. மோட்டார் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவரை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொழில் தொடங்கிப் பேருந்துகளை ஓடவிட்டபோதே ஆங்கிலச் சொற்களும் வண்டிகளோடு வந்து இறங்கிவிட்டன. கால் நூற்றாண்டு கழித்து வந்த தொகுதி, ஏற்கெனவே வாயில் ஏறிப் பழகிய சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

சொற்களும் சிக்கல்களும்

பிஸ்டனுக்குத் தமிழ்நாட்டு நூல்கள் தந்த சொல் ‘உந்துதண்டு’. பிஸ்டனோ தண்டு அல்ல. ஒரு பக்கம் மூடிய குட்டையான குவளை. இத்தாலிய மொழியில் உலக்கையைக் குறித்த சொல்தான் பிரெஞ்சு வழியாகப் பிஸ்டன் ஆனது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதை ‘முசலம்’ என்கின்றன. முசலம் என்றாலும் உலக்கைதான். வடமொழி உலக்கையை இலங்கை எடுத்துக்கொண்டது. தமிழ் உலக்கையை எடுத்துக்கொள்ள இரு நாட்டிலும் ஆளில்லாமல் போனது விந்தை.

‘தண்டு’ தரும் குழப்பம் இதோடு நிற்கவில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது இணைப்புத் தண்டு. கிராங்க் ஷாஃப்ட் வணரித் தண்டு. கேம் ஷாஃப்டும் ஒரு தண்டு. ஓர் எஞ்சினுக்குள் இத்தனை தண்டுகள் இருந்தால் முதலாண்டு மாணவன் எதைப் பிடிப்பான்? பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கெட்டிக்காரர்கள். தச்சர் துளைபோடக் கையால் சுற்றும் கருவியின் பெயரான ‘வில்பிரக்கன்’ என்பதையே கிராங்க் ஷாஃப்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்பார்க் பிளக் அவர்களுக்கு ‘பூஜி’, அதாவது மெழுகுவத்தி. பெயர்க்காமல், வீட்டிலும் தொழிலிலும் இருந்த பொருளின் பெயரை இடம் மாற்றினார்கள். காரேஜ், சேஸிஸ் போன்ற சொற்களை ஆங்கிலத்துக்கே கொடுத்தவர்களுக்கு அந்தத் துணிவு இருந்தது.

‘பொறி’யும் தொல்லைதான். எஞ்சினும் பொறி, நெருப்புத் துளியும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியால் எரிபொருள் பற்றுகிறது என்று விளக்கும் இடத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு பொறிகள் மோதிக்கொள்ளும்.

பட்டறை வழக்கு

நெல்லைப் பட்டறையில் உறுப்புப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம்: ஹெட், வால்வு, ரிங், லைனர், நாசில், கேஸ்கட். ஆனால் வினைகள் அனைத்தும் தமிழ். “அண்ணாச்சி, வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்கு” என்று வருபவரிடம், “ரிங் தேஞ்சு ஆயிலக் குடிக்கு, எஞ்சின இறக்கிப் பாத்துரணும்” என்று பதில் வரும். தேய்ந்த ரிங் வழியே ஆயில் மேலேறி எரிவதும், அமுக்கம் குறைந்து இழுவை போவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. கழற்றுதல், உருவுதல், இறுக்குதல், திணறுதல், புகை கக்குதல் என எஞ்சினின் நோயும் மருத்துவமும் தமிழிலேயே நடக்கின்றன. பிரித்த உறுப்புகளைச் சேர்ப்பதற்குப் ‘பூட்டுதல்’ என்றே பெயர். ஏரிலும் வண்டியிலும் மாடு கட்டிய காலத்துச் சொல் அது. அகராதிக்காரர்கள் பெயர்ச்சொற்களையே தேடியதால் இந்த வளம் தொகுதிகளில் ஏறவில்லை.

தமிழ்ச் சொல் வண்டியில் தோற்றுவிட்டது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், பணிமனை ஆகியவை எழுத்திலும் அறிவிப்பிலும் நிலைபெற்றுவிட்டன. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அவற்றைப் பலகையிலும் வண்டியிலும் எழுதின. பயணி தினமும் படித்தார். பானட்டுக்கு உள்ளே யாரும் பெயர் எழுதவில்லை. உதிரிபாகப் பெட்டியிலும் கம்பெனிக் கையேட்டிலும் ஆங்கிலமே இருக்க, ‘வணரித் தண்டு’ கேட்டால் கடைக்காரருக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாது.

  

இன்றைய நிலை

ஐடிஐ மாணவர்களுக்கான பாடநூல்களைச் சென்னை கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தமிழிலும் வெளியிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அகராதிச் சொல்லை ஒருமுறை சொல்லி, அடுத்த வரியிலிருந்து ‘பிஸ்டன்’ என்றே எழுதிச் செல்வது இப்போது பல ஆசிரியர்கள் கையாளும் நடைமுறை. தேர்வுத்தாளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் மாணவருக்கு அதில் குறையில்லை.